ஆறடி

பழைய வலைக்கூண்டு எட்டுக்குப் பத்து.
இரண்டு நாற்காலி, ஒரு முக்காலி.
ஒருவர் எழுந்தால்தான்
இன்னொருவர் காலை நீட்டலாம்.
தனிஸ்லாஸின் மூக்குக்கண்ணாடியைக்
குரங்கு கொண்டுபோன வருடம்
அவசரத்தில் அடித்தது.

இன்னும் ஆறடி தள்ளிப் போடலாமே என்று
ஆரம்பித்தவள் நான்தான்.

பெருமாள்மலையிலிருந்து காஜா மைதீன் வந்தார்.
டேப்பின் ஒரு முனையை என் கையில் தந்து
மறுமுனையோடு மேகத்துக்குள் நடந்தார்.
ஆளைக் காணோம்; குரல் மட்டும் வந்தது:
நாலடி… அஞ்சடி…
அக்கா, இங்க ஒரு மரம் நிக்குது.

பிளம்ஸ் மரம்.
எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் வைத்தது.
வைகாசியில் காய் சிவப்பது
குரங்குகளுக்கு முதல் நாளே தெரியும்,
எங்களுக்கு மறுநாள்,
தரையில் கிடக்கும் கொட்டைகளைப் பார்த்து.

ஐந்தடியில் நிறுத்தினால் மரம் வெளியே.
எட்டடி என்றால் உள்ளே.
நான் சொன்ன ஆறடியில்
கம்பி மரத்தின் நடுநெஞ்சில் போகிறது.

அன்றிரவு கணப்படுப்பின் முன்னால்
பதினொரு மணிவரை மரத்தைப் பற்றிப் பேசினோம்.
மகளின் கல்யாணத்தைக்கூட
ஒன்பதரைக்குள் முடித்துவிட்டோம்.

எட்டடி.

வத்தலகுண்டில் வலை வாங்கினோம்.
பெரிய கண்ணி மலிவு.
குட்டி கையை விடும் என்றார் இவர்.
கொசு வரும் என்றேன் நான்.
கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு
உள்ளே போய்
மாவு சலிக்கலாம் போல ஒன்றை எடுத்து வந்தார்.
காற்று மட்டும்தான் போகும் மேடம்.
அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

கரண்டு போய்ப் போய் வந்ததில்
வெல்டிங் ஒன்பது நாள்.
மரத்தின் உச்சியில் இரண்டடி கழித்தோம்.
மேலேயும் வலை.
மொத்தம் நாற்பத்தோராயிரம்,
டீக்காசு தனி.

தை முடிவில் பூத்தது.
இலையே இல்லாமல், கிளை தெரியாமல், வெள்ளை.
அதன் அடியில் கால் நீட்டி உட்கார்ந்தோம்,
இருவரும், ஒரே நேரத்தில்.
வெளியே தாட்டான் ஒன்று
வலையை இழுத்துப் பார்த்தது,
முகர்ந்தது, போய்விட்டது.
நான் கை தட்டினேன்.

பங்குனியில் பூ உதிர்ந்தது.
உதிர்ந்த இடத்தில் ஒன்றுமில்லை.
மரம் மிரண்டிருக்கும், முதல் வருஷம்தானே என்றார்.

மறு வருஷமும் வெள்ளை.
துணி காயப்போடப் போனபோது பார்த்தேன்:
வலையின் வெளிப்பக்கம் ஒரு தேனீ.
ஒவ்வொரு கண்ணியாக நடந்து,
நின்று, திரும்பி,
வீட்டு எண் தெரியாத விருந்தாளி மாதிரி.

குரங்கு வரக்கூடாது, கொசு வரக்கூடாது,
காட்டுமாடு முட்டக்கூடாது.
எவ்வளவு யோசித்தோம்!
யார் வர வேண்டும் என்று
ஒருவரும் கேட்கவில்லை,
காஜா மைதீன்கூட.

அப்புறம் ஒரு வாரம்
காலை ஏழு முதல் எட்டுவரை
முக்காலி மேல் தனிஸ்லாஸ்,
கையில் பழைய ஷேவிங் பிரஷ்.
இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு.
பக்கத்து வீட்டு ரெபேக்கா டீச்சர்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
எதுவும் கேட்காமல் போனார்.

பதினோரு காய் பிடித்தது.
ஒன்று பழுக்குமுன் விழுந்தது.
பத்தில் இரண்டு காஜா மைதீனுக்கு.
தின்றுகொண்டே கேட்டார்,
என்னக்கா, இன்னும் தள்ளணுமா?

தள்ள வேண்டாம்.
மரத்துப் பக்கச் சுவரைக் கீலில் மாட்டிவிடுங்கள்.
பூவுக்குத் திறக்க, காய்க்கு மூட.

குரங்குக்கு நம்மைவிட நல்லாக் காலண்டர் தெரியும்
என்று சிரித்தார்,
அளவெடுத்தார்.

இன்று மாசி நாலு.
கதவு அகலத் திறந்திருக்கிறது.
மரத்துக்குள் காதை வைத்தால்
தூரத்தில் ஏதோ மிஷின் ஓடுகிற ஓசை.
இவர் நாற்காலியில் தாய்க்குரங்கு,
மடியில் குட்டி,
பேன் பார்த்துக்கொண்டிருக்கிறது.
இவர் வெளியே, ஸ்வெட்டரோடு,
நின்றபடி டீ குடிக்கிறார்.

மூக்குக்கண்ணாடியை மட்டும்
நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.