வீட்டுக்காரர் வேடம்

கிளீவ்லாந்து, அறுபத்தெட்டு, பிப்ரவரி.
மீன்கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவு.
ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும்,
திறந்தால் தெருவில் போகும் பஸ்ஸும் தட்டில் ஏறிவிடும்.
திறந்தே வைத்தோம்.

ஜாஸ்தான். ஆனால் நாடகம்.
இரண்டு பக்கமும் ஒரே வழக்கு:
வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்.
நீதிபதிக்கு பேஸ்,
ஒரே சுருதியில் நீளும் கொட்டாவி.
மிஸஸ் டப்ஸாக ஓடெலின் சாக்ஸபோன்.
அவள் பிள்ளைகள் மூவரும்
பியானோவின் கறுப்புக் கட்டைகளில் ஒண்டியிருந்தார்கள்.
கதவு தட்டுவது டிரம்.
வீட்டுக்காரர், நான்.

எழுதியவன் கிளியோத்தா. பகலில் தபால்காரன்.
காலி செய்யச் சொல்லும் பதிவுத் தபால்களை
வீடு வீடாகக் கொடுத்துக்
கையெழுத்து வாங்கியவன்.
அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை
டிராம்போன் வாயில் பொத்திப் பொத்தி எடுத்தேன்.
தொப்பை வந்தது. சுருட்டு வந்தது.
'ஒண்ணாந் தேதி! ஒண்ணாந் தேதி!'
என்று குழல் குரைத்தது.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன்
சிரித்தே டேப்பைக் கெடுத்தான்.
மறுபடி எடுத்தோம்.
இரண்டாம் முறை இன்னும் தடித்தேன்.

ஐந்நூறு பிரதி.
முடிதிருத்தும் கடையில் விற்றது, சர்ச் வாசலில் விற்றது.
ஒரு வீட்டில் வைத்தால் நாலு மாடிக்கும் கேட்டது.
நான் வருமிடத்தில்
பிள்ளைகளும் சேர்ந்து குரைத்தார்கள்.

மார்ச் ஒண்ணாந் தேதி
என் கதவு தட்டப்பட்டது.
டிரம் மாதிரி இல்லை.
விரல் முட்டியால், இரண்டே தடவை,
உள்ளே குழந்தை தூங்குகிறதோ என்பதுபோல.

மிஸ்டர் ஹால்வர்சன். ஒல்லி.
கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார்.
மனைவிக்கு இருமல் தேவலையா என்றார்.
கொதிகலன் விஷயம் ஞாபகமிருக்கிறது என்றார்.
நவம்பரிலிருந்தே ஞாபகமிருக்கிறது அவருக்கு.
பாக்கியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
காகிதத்தை மேசையில் வைத்து,
பறந்துவிடாமலிருக்க
என் டிராம்போனின் ஊதுவாயையே எடுத்து
அதன்மேல் வைத்தார்.
'வாசிப்பீர்களா? எனக்கு இசை என்றால் உயிர்.'
படியிறங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அன்றிரவே கிளியோத்தாவிடம் ஓடினேன்.
தப்பாக வாசித்துவிட்டேன், அந்த ஆள் குரைப்பதில்லை,
அந்த வேடத்தைப் புல்லாங்குழலுக்குக் கொடு,
இல்லை, யாருக்குமே கொடுக்காதே,
நாலு தாளக்கட்டு மௌனம் விடு,
பிறகு மேசையில் காகிதம் படும் ஓசை, அவ்வளவுதான்.

தபால் பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.
'தட்டு அச்சாகி விற்றும் போச்சு' என்றான்.
அப்புறம், திரும்பாமலே:
'தெரியும்.
நானும் அப்படித்தான் தட்டுவேன்.'