ஆயிரத்தில் ஏழு

பிசியோதெரபிப் பகுதியில் இரவல் வாங்கிய கட்டில்.
கைபிடியைச் சுழற்றினால் தலைப்பக்கம் எழும்பும்;
எழும்பும்போது ஆட்டுக்குட்டி போலக் கத்தும்.
மூன்று பட்டி: நெஞ்சுக்கு, இடுப்புக்கு, முழங்காலுக்கு.
மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில் இந்த அறைக்கும்
ஒரு ஜன்னல் உண்டு. வாவி தெரியாது.
பத்து மணிக்கு மேல் வாவியின் வெளிச்சம் மட்டும்
எங்கோ பட்டுத் திரும்பி வந்து
கூரையில் நெளியும்.

கோகுலராசா, முப்பத்தாறு, களுவாஞ்சிக்குடி.
கட்டாரில் முப்பத்தெட்டாம் மாடிக்கும் மேலே
கிரேனின் கண்ணாடிக் கூண்டில் ஆறு வருசம்.
அங்கே ஒருநாளும் மயங்கவில்லை.
போன மாதம் தன் வீட்டுக் கிணற்றடியில்
குனிந்து வாளியை எடுத்தவன்
நிமிர்ந்த இடத்திலேயே சாய்ந்தான்.
"நிலத்துல நிக்கக்கதான் மிஸ்
எனக்குத் தலை சுத்துற."

கிடக்கையில் எழுபத்திரண்டு.
எழுபது பாகைக்கு நிமிர்த்தினேன்.
இரத்தம் காலுக்கு இறங்கியது.
எல்லாருக்கும் இறங்கும். பாயை விட்டு எழும்பும் ஒவ்வொரு காலையும்
அரை லீற்றருக்கு மேல் நமக்குள்ளேயே கீழே கொட்டிவிடுகிறோம்;
இதயம் கொஞ்சம் ஓடிப்போய் அதை அள்ளி வருகிறது.
எண்பத்தாறு. எண்பத்தொன்பது.
இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றான்.
இலையான் ஒன்று மூக்கில் இருந்தது, அதையும் பொறுத்தான்.
பூமி தன் பங்குக்கு இழுத்துப் பார்த்துவிட்டுக்
கையை விட்டது.

மறுபடி கிடத்தினேன்.
படிவத்தின் இரண்டாம் பகுதி மனக்கணக்கு.
"ஆயிரத்திலிருந்து ஏழைக் கழிச்சுக்கொண்டே வாங்க."
"எந்த ஏழைய, மிஸ்?"
சிரித்தான். நானும்.
தாளில் அந்தச் சிரிப்பு
சின்னக் கிறுக்கலாய் விழுந்து நேரானது.

தொளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
தொளாயிரத்து எண்பத்தாறு.
தொளாயிரத்து எழுபத்தொன்பது.
பிறகு கூரையின் நெளிவைப் பார்த்தபடியே
வேறொரு கணக்குக்குள் இறங்கிவிட்டான்.
ஏஜென்சிக்குக் கட்டினது,
அதில் மச்சான் தந்தது, மச்சான் இப்போ கதைக்காதது,
லோன் கொம்பனி மூன்று,
திங்களுக்கு ஒரு ஆள், புதனுக்கு இரண்டு,
மோட்டர்சைக்கிள் வளவுக்குத் திரும்பும் சத்தம் கேட்டால்
சொல்லிக்கொடுக்காமலே மகள் படலையடிக்கு ஓடி
"அப்பா இல்ல" என்று சொல்லப் பழகியது.
"என்ன வயசு?"
"ஏழு."

கட்டில் மட்டமாகத்தான் கிடந்தது.
திரையில் நூற்றுப் பதினெட்டு.
நூற்று முப்பத்தொன்று.
ஒரு விரல் அசையவில்லை, கண் இமைக்கவில்லை,
உள்ளே மட்டும் ஒருவன்
முப்பத்தெட்டு மாடியையும் படியால் ஏறிக்கொண்டிருந்தான்,
முதுகில் யாரையோ சுமந்து.
எந்தப் பக்கம் சரிகிறது என்று
நான் ஒருமுறை கைபிடியைத் தொட்டுப் பார்த்தேன்.

"காணும்," என்றேன். "கணக்கு முடிஞ்சிது."
"முடியல்லையே மிஸ்," என்றான்.

மீளும் நேரம் ஐந்து நிமிடம் என்கிறது படிவம்.
வெளியே வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு அம்மா
இரண்டாம் தரமும் கதவைத் தட்டினா.
பட்டிகளை அவிழ்த்தேன். அவன் எழும்பவில்லை.
கூரை வெளிச்சம் சுவருக்கு இறங்கும்வரை
வாய் சற்றுத் திறந்தபடி நித்திரை.
தொண்ணூறு. எண்பத்துநாலு. அறுபத்தெட்டு.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும்.
ஐந்து என்றுதான் எழுதினேன்.