மேல் துளை

ஸ்காபரோவிலிருந்து பெட்டி வந்து இறங்கினது.
அறுவை மெசின் புத்தம் புதிசு.
பிளக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்:
தட்டைப்பல் இரண்டு, கீழே உருண்டைப்பல் ஒன்று.
விசுவமடுவில் எந்தச் சுவரிலும்
அதுக்கு வாயில்லை.

"வெட்டி எறிஞ்சுபோட்டு உங்கட பிளக் ஒண்டைப் போடு, அக்கா."
போனில் குகநேசன். அங்கே பனி கொட்டுதாம்.
அவன் போகேக்க இங்கே கரன்டே இல்லை.
சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு
டைனமோவில் றேடியோ கேட்டவன்
இங்கத்தைச் சுவருக்குள் எத்தனை வோல்ட் என்று
எங்கே போய் அறிவான்?

தகரக் கொட்டிலுக்குள் நின்று கணக்குப் பார்த்தேன்.
துளைபோடும் மெசின்: சதுரக்கால், பதின்மூன்று அம்பியர்,
வயிற்றுக்குள் ஒரு பியூஸ்.
கிளிநொச்சியில் பழசாய் வாங்கின இழைப்பு மெசின்:
உருண்டைக்கால், பதினைந்து, கறுத்த பித்தளை.
போன மாதம் அதை அடப்டரில் கொழுவி
முதிரைப் பலகையைத் தள்ளினேன்.
பலகை மணக்கவில்லை,
அடப்டர் மணந்தது.

நானும் யோக்கியம் இல்லை.
பேனை மூடியால் மேல் துளையைக் குத்தி ஏமாற்றி
இரண்டுகால் பிளக்கைச் செருகின கைதான் இது.
மண்ணுக்குப் போகிற கால்தான் நீளம்,
அது உள்ளே போனால்தான்
மற்ற இரண்டு கண்ணும் திறக்கும் என்பது
அப்போதும் தெரியும்.

முள்ளியவளை றெஜினோல்ட் வந்தான்.
"இழைப்புக்கு நீலம் போடுவம், அக்கா. பதினாறு.
மூடி இருக்கு, மரத்தூள் போகாது."
விலை கேட்டேன்.
மனசுக்குள் ஒரு யன்னல் நிலையை விற்றேன்.
"தம்பியின்ர மெசின்ர பிளக்கை வெட்டட்டோ?"
வெட்டவேண்டாம் என்றேன்.
இந்தச் சுவர் இருநூற்று முப்பது. அது நூற்றுப்பத்தில் வளர்ந்தது.
பொருந்தாத பல்தான் அதைக் காப்பாற்றுது.
ஒரு ட்ரான்ஸ்போமர், நெல்லுமூட்டைப் பாரம்,
அதன் நெற்றியில் அந்த ஊர்த் துளை ஒன்றே ஒன்று.
வேறு எதுவும் அதுக்குள் போகாது,
அதுவும் வேறு எங்கும் போகாது.

கடைசியாய் ஏர்த் கம்பி.
கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் ஈரத்தைக் காட்டினேன்.
மூன்று அடி அடித்தபிறகு
சுத்தியல் நின்றது.
"இந்தக் காணி பார்த்ததோ, அக்கா?"
பார்த்தது. பத்திரம் இருக்கு.
அதில் எழுதியிருந்த ஆழம் ஒரு சாண்.
அவன் கம்பியைப் பார்த்தான். நான் வாழைக்குலையைப் பார்த்தேன்.
பிறகு சுத்தியலை வாங்கி
மிச்சத்தை நானே அடித்தேன்,
அவனைக் கிணற்றுக்கு அப்பால் போகச் சொல்லி.

பின்னேரம் நீலத்தில் கொழுவி
சுவிட்சைத் தட்டினோம்.
இழைப்பு மெசினின் இரும்பு முதுகில்
வெறுங்காலோடு நின்று புறங்கை வைத்தேன்.
றெஜினோல்ட் கத்தினான்.

ஒன்றும் இல்லை.
இந்த ஒன்றும் இல்லைக்குத்தான்
இவ்வளவு செலவு.