ஒன்பது பீஸ்

காயில் மாற்றத்தான் கூப்பிட்டார்கள்.
மாற்றினால் எனக்கு நானூற்றைம்பது,
மயிலாத்தா சம்பளத்தில் பிடித்தம்.
அனுப்பர்பாளையம் புதூர். சந்துக்குள் இன்னொரு சந்து.
தகரக் கூரைக்குக் கீழே
விடிந்தால் லாரி ஏறவேண்டிய டீ-சர்ட்டுகள்
கசங்கிக் குவிந்து கிடந்தன.

"நேத்து ஐநூறுங்க. இன்னிக்கு முந்நூத்தி முப்பத்தொண்ணு.
பொட்டிய என்னமோ பண்ணிப்போட்டா,
இல்லாட்டி கை ஓடறதில்லை.
ரெண்டுல ஒண்ணச் சொல்லிப்போடுங்க"
என்றார் சூப்பர்வைசர் சென்னியப்பன்.
அவள் வாய் திறக்கவில்லை.
ஒரே சுருக்கத்தின்மேல் மூன்றாம் தடவையாகப்
பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கிளாம்ப் மீட்டரில் இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தால்
போனதும் வந்ததும் கழிந்து
பூஜ்யம் காட்டும்.
ஒன்றைப் பிரித்துப் பிடிக்கவேண்டும்.
ஒரு தரப்பை மட்டும் கேட்டால்தான் உண்மை தெரியும் என்பது
எனக்குத் தெரிந்து இந்த ஒரு இடத்தில்தான்.

ஆம்பியர் மூன்று புள்ளி ஏழு.
பிளக்கில் நூற்றெண்பத்து நாலு வோல்ட்.
அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் முதுகில் வகுத்தேன்:
ஐம்பது ஓமுக்கு ஒரு மயிரிழை குறைவு.

பேனல் கதவின் உள்பக்கம்
போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள்
நானே சாக்பீஸில் எழுதியிருந்தேன்,
பாதி இப்போது சந்தனத்துக்கு அடியில்:
இருநூற்று முப்பது. நாலு புள்ளி ஆறு.
அதை வகுத்தாலும் ஐம்பது.
எட்டு மாதம் அவள் கையில் வெந்தும்
காயில் தன் பிடிவாதத்தில்
ஓர் ஓம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.
என் நானூற்றைம்பது அங்கேயே போயிற்று.

அப்புறம் பெருக்கினேன்.
அன்றைக்கு ஆயிரத்து ஐம்பத்தெட்டு வாட்.
இன்றைக்கு அறுநூற்று எண்பத்தொன்று.

"வோல்ட்டு அஞ்சுல ஒரு பங்குதானுங்களே கொறஞ்சிருக்குது,
சூடு மட்டும் எப்பிடி மூணுல ஒண்ணுக்கு மேல போகுமுங்க?"

வோல்ட் இளைத்தால் ஆம்பியரும் கூடவே இளைக்கும்.
முதல் அலசில்
நீளத்திலும் இழுத்து அகலத்திலும் இழுத்த பனியனை
எத்தனை பார்த்திருப்பார் அவர்.
அதைச் சொன்னதும் பேச்சில்லை.

தெர்மோஸ்டாட் போய் நேராகக் கட்டின பழைய பெட்டி;
வருகிற சூடெல்லாம் துணிக்குத்தான்.
வாட் குறைந்த கணக்குக்கு
ஐந்நூறு பீஸ் முந்நூற்று இருபத்திரண்டு ஆகவேண்டும்.
ஆகவில்லை.
அடித்துவிட்டு மறுபடி போட்டேன்.
ஒன்பது கூட.

டீக்குப் போகாததில் ஒரு இரண்டு வந்திருக்கும்.
தோளை ஏற்றி அழுத்தியதில் ஒரு ஐந்து.
மீதி எதை அடக்கிக்கொண்டு வந்தது என்று
எனக்குக் கேட்கக் கூச்சம்.

சுவருக்கு அந்தப் பக்கம்
போன வாரம் இறங்கின எம்பிராய்டரி மிஷின்கள்
இவள் பேஸிலேயே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன.
கம்பியை அடுத்த பேஸுக்கு மாற்றினேன்.
இருநூற்று இருபத்தொன்று.
அவள் விரலை நனைத்து ஒரு சொட்டுத் தெளித்தாள்.
சுர்ர் என்றது.

"அப்ப அந்த நானூத்தம்பது?"
பிடிக்கமாட்டாங்கம்மா.
"இன்னிக்குக் கொறஞ்ச பீசுக்குக் காசு?"
நானும் சென்னியப்பனும்
ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல
பேனலைப் பார்த்தோம்.
அவர் நோட்டில் முந்நூற்று முப்பத்தொன்று என்று எழுதி
அடியில் கோடு போட்டார்.

கருவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால்
என் கணக்கு எழுதின அட்டை அவள் மேஜையில்.
"நல்ல கனமா இருக்குதுங்க இது" என்றாள்.
சட்டையின் முதுகில் அதை வைத்தாள்,
கையை மடித்தாள், ஓரத்தை மடித்தாள்,
அட்டையை உருவினாள்.
முந்நூற்று முப்பத்திரண்டு.
மறுபடி வைத்தாள்.