மட்டக்கோல்

நான் கோல் பிடிப்பவன்.
நாலு மீட்டர் அலுமினியம்,
நாளுக்கு அறுநூறு ரூபாய்.
முக்காலிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணோடு பெனடிக்டா மேடம்.
"நேராப் பிடிங்க நம்புராஜன்" என்பார்,
காற்றிடம் சொல்வதுபோல.

காரங்காட்டில் தொடங்கினோம்.
அலையாத்தியின் மூச்சுவேர் ஆணி அடித்த சேறு;
கோல் கணுக்கால் அளவு இறங்கியது.
கரைப்பக்கம் ஒரு சாண் ஏறினேன்,
மரம் நின்றுபோனது. உமரி மட்டும்,
பாதி பச்சை, பாதி சிவப்பு.
இன்னொரு சாண்: உப்பு பூத்த பொட்டல்,
நண்டும் வளை தோண்டாத இடம்.
அப்புறம் இரண்டு முழம்தான்,
பனை வந்துவிட்டது,
பனைக்குக் கீழே ஆடு,
ஆட்டுக்குப் பின்னால் சைக்கிளில் ஒருவர்.

யானைக்காடு பார்க்க
மேற்கே போய் மலை ஏறணும்.
எங்களுக்கு முழக்கணக்கு போதும்.

ஆனால் அந்த மலைதான்
ஆனி மாதத்து மழையை
அந்தப் பக்கமே இறக்கிவிட்டு
கச்சானை
உதறிய சாக்காய் இங்கே அனுப்புகிறது.
தூசு எங்கள் கண்ணுக்கு.
முள் மட்டும் வளர்ந்தால் போதும் என்று
எங்கோ தூரத்தில் முடிவாகியிருக்கிறது.
ஐப்பசியில் கொண்டல் வந்தால் கண்மாய் நிறையும்,
கூழைக்கடா வரும்.
வந்தால்.

அடுத்த வாரம் ஏர்வாடிக்குத் தெற்கே.
அது ஆண்கடல்: மணலை மேடாக்கும்,
பாறையில் பவளம் வளர்க்கும்.
இது பெண்கடல் என்பார்கள்,
சேற்றை மெல்ல மெல்லக் கொண்டுவந்து வைக்கும்.
இரண்டிலும் உப்பு ஒன்றுதான்.
யார் பெயர் வைத்தார்களோ,
என் மனைவிக்கு இதில் சம்மதமில்லை.

மூன்றாம் நாள் கடைசிப் புள்ளி
எங்கள் காலனி.
என் வீட்டு வாசற்படியில் கோலை நிறுத்தினேன்.
மேடம் இரண்டு தடவை பார்த்தார்,
நோட்டைப் பின்பக்கம் புரட்டினார்.
"உமரி நின்ன இடத்தைவிட
நாலு சென்டிமீட்டர் கம்மி."

வாராவாரம் பிடுங்கி எறிகிறேன்,
படி ஓரம் முளைக்கும் அந்தச் செடியை.
ஆட்டுக்குளம்பில் ஒட்டிவந்த விதை என்று நினைத்திருந்தேன்.
ஆடு பாவம்.
கோல் இல்லாமல், கூலி இல்லாமல்,
காண்ட்ராக்டர் கல் ஊன்றுவதற்கு முன்பே
அது அளந்து வைத்திருக்கிறது.

மேடம் குடையை மடக்கினார்.
நான் கோலை ஒன்றுக்குள் ஒன்றாய்த் தள்ளினேன்.
உள்ளே பூரணவல்லி
தரையைத் துடைத்துவிட்டுப்
பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.
"என்னங்க, இன்னும் ஈரம் காயலை" என்றாள்.