வெறும் வயிற்றில்

செவ்வாய் இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
விடிவதற்குள் அதுவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
என்னை யாரும் கேட்கவில்லை.
எழுத்துகள் கொஞ்சம் உருண்டையாகியிருந்தன,
கடிகாரம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்தது.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் சாம்பிள் அயனாவரம், 6.12.
ஊசி நரம்பில் இருக்கிறது,
பார்கோடு ஸ்கேன் பண்ணப் போனை எடுத்தால்
திரை கறுத்து, ஒருமுறை நடுங்கி,
கம்பெனி பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு
மறுபடி பிறக்கிறது.
“என்னம்மா, ரத்தத்தைப் பார்த்து மயங்கிடுச்சா?”
என்றார் சர்க்கரைக்காரர்.

6.41 பெரவள்ளூர்.
7.05 ஜவகர் நகர், லிஃப்டுக்குள்.
7.09 அதே லிஃப்ட்.
ஜமாலியா வருவதற்குள் இன்னும் மூன்று.
லேப் படிவத்தின் பின்பக்கம் நேரம் குறிக்கத் தொடங்கினேன்,
காய்ச்சல்காரருக்குக் குறிப்பதுபோல.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் நாற்பத்தேழு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிராமல் சொன்னாள்:
“எல்லாத்தையும் அழிச்சிட்டா சரியாயிடும் மேடம்.”
எல்லாம் என்றால்?
“எல்லாம்.”

ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில்,
ஒருவர் திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு போச்சு” என்றார்.
நாலாயிரத்து ஐநூறு.
பக்கத்துக் கடை தவ்ஃபீக் என் பட்டியலை வாங்கி
லென்ஸ் விளக்கின் கீழே வைத்துப் படித்தான்.
“சேஃப் மோடுல ஒருநாள் ஓட்டுங்கக்கா.
நீங்க போட்டது எதுவும் ஓடாது.
அதோட பிறவிக் குணம் மட்டும் தெரியும்.”
காசு வாங்கவில்லை. ஒரு டீ சொல்லச் சொன்னான்.

பன்னிரண்டு வருஷமாக நான் சொல்வதுதானே இது:
ராத்திரி எட்டுக்கு மேல் எதுவும் வேண்டாம்,
காபி கூடாது, ஒரு வாய்த் தண்ணீர் பரவாயில்லை.
வெறும் வயிற்றில் எடுத்தால்தான்
உடம்பு உண்மை பேசும்.

ஞாயிறு முழுக்க போன் விரதம் இருந்தது.
பந்த் அன்று ஷட்டர் இறக்கிய கடைகள்போல
சாம்பல் நிறத்தில் ஆப்கள்.
ஒருமுறைகூட விழவில்லை.
நாலாயிரத்து ஐநூறே, போர்டு போகவில்லை.

திங்களிலிருந்து அரைநாளுக்கு ஒன்றாக நீக்கினேன்.
மெட்ரோ, நிரபராதி.
கேஸ் புக்கிங், நிரபராதி.
மகன் ஏற்றிய கார் பந்தயம்;
அது போனதற்கு அவன் ராத்திரி சாப்பிடவில்லை. நிரபராதி.
அப்புறம்தான் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன்.
ஒவ்வொரு விழுதலுக்கும் கொஞ்சம் முன்னால்
யாரோ கூப்பிட்டு, “எங்க வந்துட்டிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள்.

கால் ரெக்கார்டர்.
மூன்று வருஷமாக யாரும் திருத்தாத பழைய ஆப்.
புதியது கதவைச் சாத்துகிறது, இது தட்டுகிறது,
நடுவே போன் சுருண்டு விழுகிறது.

அதற்குள் நாற்பத்தொரு பதிவுகள் வைத்திருந்தேன்.
எல்லாம் ஒரே குரல், ஓட்டேரி வீட்டுக்காரர் தயாளமூர்த்தி.
பத்து மாச அட்வான்ஸ், ஒரு லட்சத்து இருபதாயிரம்.
“அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேம்மா.”
“பெயின்ட் அடிச்சதைக் கழிச்சுக்கிட்டு...”
“அடுத்த மாசம்.”
“யாரு பேசறது?”

பென்டிரைவில் நாற்பத்தொன்றையும் ஏற்றி
ரத்தக் குழாய்ப் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் வைத்தேன்.
நீக்கு என்றேன்.
உறுதியா, என்று கேட்டது.
இப்போது மட்டும் கேட்கிறது.

ஒன்பது நாளாக விழவில்லை.
நேற்று டி.பி. சத்திரத்தில்
ஒரு குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது
அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டதே இல்லை.
தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்டேன்.
சிவப்புப் புள்ளி எரியவில்லை.
குழந்தை அழுது முடித்ததும்
பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துத் திருப்பி,
கடைசி நேரத்துக்குக் கீழே எழுதினேன்:

8.40. அடுத்த மாசம்.