பாக்கி முகங்கள்

பெய்ப்சி ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
துரப்பணத்தை ஊன்றிச் சுற்றினால்
முழங்கை ஆழத்தில் கறுப்புத் தண்ணீர்.
எனக்கு ஒரு துளை போதும்,
ஒரு தூண்டில், இரண்டு பெர்ச் மீன்.

மாரிக்காவுக்குப் போதாது.
மேசை முழுக்க ஓட்ஸ் டப்பா அட்டை, பசை,
என் நகவெட்டிக் கத்தரி.
அவளுக்கு ஒரு பன்முகி வேண்டும்.
அதன் எந்த முகமும் முழுசாக இருக்கக் கூடாது,
எல்லாவற்றிலும் துளை.
துளையின் விளிம்பு முகத்தின் விளிம்பைத்
தொட்டால் செல்லாதாம்.

குத்திவிடேன், என்றேன்.
குத்தினாள்.
உள்ளே நாலு சுவர் எழும்பியது,
நாலும் மொழுமொழுவென்று,
ஓட்டையே இல்லாமல்.
அவற்றைக் குத்த, பதினாறு.
கடனை அடைக்கக் கடன் வாங்குகிறவள் மாதிரி
மூன்று குளிர்காலம்.
சூப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துத்தான் குடிக்கிறோம்.

இன்று வம்படியாக அழைத்து வந்தேன்.
பனியில் குப்புறப் படுத்து
என் துளையின் சுவரையே பார்த்தாள்.
நேற்றைய பிளவொன்றிலிருந்து
பனிச்சில்லு ஒன்று நீட்டிக்கொண்டு
அந்தச் சுவரைக் குத்தி நின்றது.

"ஹெய்னார்,
குடையவே வேண்டாம்.
ஒன்றின் மூக்கு
இன்னொன்றின் கன்னத்தில் புகுந்தால் போதும்."

எத்தனை பாக்கி, என்று கேட்டேன்.
விரல் விட்டு எண்ணினாள்,
கையுறையைக் கழற்றி எண்ணினாள்,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இமை மயிரில் பனி.
வாய் திறந்தபடி இருந்தது.
அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்;
தூண்டில் இரண்டு முறை இழுத்திருக்கிறது.